கிராமத்து ஆஸ்பத்திரிகள் கைகோத்தால்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

முப்பது படுக்கை உள்ள ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்க வேண்டும்?

கேட்கச் சின்னக் கேள்வி. கணக்குப் போட்டால் தலை சுற்றும். கண்ணாடிவிரியன் கடித்து, ரத்தம் உறையாத நிலையில் வருகிறவருக்கு எடுத்த எடுப்பில் 10 குப்பி ஏற்ற வேண்டும். 6 மணி நேரம் கழித்து ரத்தம் உறைகிறதா என்று மறுபடி பார்த்து, உறையவில்லை என்றால் இன்னொரு 10. சிலருக்கு மொத்தம் 30 குப்பி வரை போகும். ஒரே இரவில் அப்படி இரண்டு பேர் வந்தால் 60. அறுவடைக் காலத்தில் இது நடக்கக்கூடியதுதான். அதே ஆஸ்பத்திரியில் வேறு சில மாதங்கள் ஒரு குப்பியைக்கூட உடைக்காமல் கழியும். வாங்கி வைத்தது அலமாரியிலேயே காலாவதியாகும்.

ஒரு மாவட்டத்தில் இப்படி ஆறு ஆஸ்பத்திரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளாளுக்கு 60 குப்பி வைத்தால் 360 வேண்டும். மாறாக, ஒவ்வொன்றும் 20 குப்பி, அதாவது இரண்டு பேருக்கான முதல் தவணையை மட்டும் வைத்துக்கொண்டு, 80 குப்பியை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் பொதுவாக வைத்தால் 200 போதும். அந்த 80, மேற்கொண்டு தேவைப்படும் நான்கு பேருக்குத் தாங்கும். ஆறு ஊரிலும் ஒரே இரவில் இரண்டிரண்டு பேர் மோசமான கடியோடு வருவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஓர் ஊரின் தேவையைத் தனியாகப் பார்த்தால் தாறுமாறாக ஏறி இறங்கும். ஆறு ஊரையும் சேர்த்துக் கூட்டினால் அந்த ஏற்ற இறக்கம் தணிந்துவிடும். பொது இருப்பில் கிடைக்கும் லாபத்துக்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு பலிப்பதற்குக் காரணம் அந்த 6 மணி நேர இடைவெளி. முதல் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் செய்தால், அடுத்த தவணைக்கான குப்பிகள் வண்டியில் வந்து சேர்ந்துவிடும். கடித்தது கட்டுவிரியனோ நல்லபாம்போ என்றால் கதை வேறு. விஷம் நரம்பைத் தாக்கும். இமை தொங்கி, மூச்சு தளரும். அங்கே இரண்டாவது 10 குப்பி தேவையா என்பதை ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். நீலகிரியில் கூடலூரிலிருந்து மாவட்டத் தலைநகரான ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். மழை நாளில் அந்த மலைப்பாதை இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட ஊரில் 20 குப்பி போதாது, 40 வேண்டும். ஒருவருக்கு 20 வீதம் இரண்டு பேருக்கு.

ஆக, எதைப் பகிரலாம் என்பதை முடிவு செய்வது பொருளின் விலை அல்ல, நேரம். முதல் அரை மணி நேரத்தில் கைக்கு வேண்டியது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். சில மணி நேரம் தாங்கும் என்றால் பக்கத்து ஊரோடு சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் பொறுக்கும் என்றால் தனியாக வைத்திருப்பதே வீண். கூட்டு முயற்சிகள் பலவும் சறுக்குவது இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான். விலை அதிகம் என்பதற்காக இதயத்துக்கான மருந்தைப் பொதுவில் வைப்பார்கள். மலிவுதானே என்று ஆளுக்கொரு லேப் நடத்துவார்கள். இரண்டும் தலைகீழ்.

அரை மணி நேரத்துக்குள் வேண்டியவை

ஆக்சிஜன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, அட்ரினலின், பிரசவ ரத்தப்போக்குக்கான ஆக்சிடோசின், கர்ப்பகால வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட், ஈசிஜி மெஷின் ஆகியவற்றில் எதையும் பக்கத்து ஊரில் இருக்கிறது என்று விட முடியாது. இங்கே பகிரக்கூடியது ஒன்றுதான்: எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று சொல்லும் மூளை.

மாரடைப்பு இதற்கு நல்ல உதாரணம். இதயக் குழாய் அடைத்துக்கொண்டால் கேத் லேபில், அதாவது ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், பலூன் வைத்துத் திறப்பது சிறந்த வழி. கேத் லேப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்தால், அதுவரை காத்திருக்காமல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட வேண்டும். ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 30 நிமிடம் இலக்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட்டை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் எடைக்கு ஏற்ற அளவில் ஒரே ஊசி. அதன்பின் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் இதை நான்கு தொகுப்புகளாகப் பிரித்துச் செய்து பார்த்தார்கள். கேத் லேப் உள்ள மைய ஆஸ்பத்திரிகளையும் சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளையும் இணைத்து நடத்திய அந்த ஆய்வு 2017இல் வெளியானது. மொத்தம் 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம், இணைப்புக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். இதற்காகக் கிராமத்தில் யாரும் கேத் லேப் கட்டவில்லை. ஈசிஜி போன திசையும், ஊசி போட்ட நேரமும், வண்டி புறப்பட்ட நேரமும்தான் மாறின. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதையே இன்னும் கீழே கொண்டுபோனது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. விழுங்க வைத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள்.

நடைமுறையில் இது எங்கே உடைகிறது? பெரும்பாலும் போனில். ஈசிஜியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். குரூப்பில் முப்பது டாக்டர்கள். பத்துப் பேர் பார்ப்பார்கள், வேறு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘குரூப்பில் போட்டாச்சு’ என்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் ஆகிவிடும், 40 நிமிடம் போயிருக்கும். இதற்குத் தீர்வு ஒரே ஓர் எண். ஆளின் எண் அல்ல, டியூட்டியின் எண். யார் டியூட்டியில் இருக்கிறாரோ அந்த போன் அவர் கையில். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

படமும் முக்கியம். தாளைத் தட்டையாக மேசையில் வைத்து, நேர் மேலிருந்து, 12 லீடும் (இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் கோடுகள்) ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். ஓரத்தை வெட்டக் கூடாது. நொடிக்கு 25 மி.மீ., மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்ற அளவுக்குறி அந்த ஓரத்தில்தான் இருக்கும். அது தெரியாமல் மேடு உயர்ந்திருக்கிறதா, மெஷினே பெரிதாகக் காட்டுகிறதா என்று எதிர்முனையில் உள்ளவரால் சொல்ல முடியாது. வலி தொடங்கிய நேரம், ஈசிஜி எடுத்த நேரம், ரத்த அழுத்தம், எடை ஆகிய நான்கையும் படத்தோடு சேர்த்து அனுப்பினால் திருப்பிக் கேட்கும் இரண்டு போன் மிச்சம்.

பாம்புக்கடியிலும் இதே கதைதான். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். விஷம் ஏறாதவருக்கு 10 குப்பி போய்விடும், அதுவும் பொது இருப்பிலிருந்து. பொருளைப் பகிர்வதற்கு முன் முறையைப் பகிர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ரத்தம்: மணிக் கணக்கில் பகிர்வது

ரத்த வங்கி நடத்துவது சின்ன ஆஸ்பத்திரியால் முடியாத காரியம். குறைந்தது 100 சதுர மீட்டர் இடம், தனி டாக்டர், டெக்னீஷியன்கள், உரிமம் எல்லாம் வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனை கட்டாயம். மாதம் பத்துப் பதினைந்து பை செலவாகும் இடத்தில் இது கட்டுப்படியாகாது. ஆனால் பிரசவ வார்டும் ஆபரேஷன் தியேட்டரும் இருந்தால் ரத்தம் இல்லாமல் முடியாது.

இந்த முட்டுக்கட்டைக்கு 2001 டிசம்பரில் மருந்து விதிகளில் ஒரு வழி திறந்தார்கள். ரத்தச் சேமிப்பு மையம். ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மிகாமல் பயன்படுத்தும் ஆஸ்பத்திரி, ரத்த வங்கி உரிமம் இல்லாமலே ரத்தத்தைச் சேமித்து வைக்கலாம். 10 சதுர மீட்டர் ஏ.சி. அறை, பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர், டெக்னீஷியன், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் ஆகியவை வேண்டும். கூடவே ஒரு தாய் ரத்த வங்கியோடு இணைப்பு இருக்க வேண்டும். தானம் வாங்குவதும் ஐந்து சோதனைகளும் தாய் வங்கியின் வேலை. சேமிப்பு மையம் செய்வது மூன்று: குளிரில் காப்பது, நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்ப்பது, கொடுப்பது.

பிரிட்ஜில்தான் முதல் தவறு நடக்கும். ரத்தத்துக்கு 2 முதல் 6 டிகிரி. வீட்டு பிரிட்ஜில் கதவுப் பக்கம் 10 டிகிரி இருக்கும், ஐஸ் பெட்டியை ஒட்டிய இடம் உறைநிலைக்குப் போகும். உறைந்த சிவப்பணு உடைந்துவிடும். அந்தப் பையை ஏற்றினால் நோயாளியின் சிறுநீரகம் பாழ். அதனால் ரத்தத்துக்கென்றே செய்த, அலாரம் உள்ள பிரிட்ஜ் வேண்டும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். ஏட்டில் எல்லா இரவும் ‘4 டிகிரி’ என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் காலையில் மொத்தமாக எழுதியது என்று புரிந்துகொள்ளலாம்.

வழியில் இன்னொரு தவறு. பெட்டியில் ஐஸ் கட்டியைப் பையின் மேலேயே வைத்துவிடுவார்கள். நடுவில் அட்டையோ துணியோ இருக்க வேண்டும், பயணத்தில் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. வார்டுக்குப் போன பை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்ப பிரிட்ஜில் வைக்க முடியாது. ‘தேவைப்படலாம்’ என்று சொல்லித் தியேட்டருக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கும் வழக்கம் மாதத்துக்கு எத்தனை பையைக் கொல்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே போதும், வழக்கம் மாறிவிடும்.

கூட்டின் உண்மையான லாபம் சுழற்சியில். சிவப்பணுப் பையின் ஆயுள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் ஆர்எச் நெகட்டிவ். சின்ன ஆஸ்பத்திரியில் வைக்கும் இரண்டு ஓ நெகட்டிவ் பை பெரும்பாலும் செலவாகாது, ஆனால் வைக்காமலும் இருக்க முடியாது. ஆகவே பதினைந்து இருபது நாள் அங்கே இருந்துவிட்டு, ஆயுள் இரண்டு வாரம் மிச்சமிருக்கும்போது தாய் வங்கிக்குத் திரும்ப வேண்டும். அங்கே தினமும் தேவை இருப்பதால் செலவாகிவிடும். பதிலுக்குப் புதிய பை வரும். எழுதிவைக்காத ஒப்பந்தத்தில் இது இரு பக்கமும் கெடும். தாய் வங்கி நான்கு நாளில் காலாவதியாகும் பைகளைத் தள்ளிவிடும், சேமிப்பு மையம் எதையும் திருப்பித் தராமல் பதுக்கும். அனுப்பும் பைக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆயுள் இருக்க வேண்டும், திங்கள் காலை இருப்பு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சண்டை பாதி குறையும்.

டாக்டரைப் பகிர்வது

மயக்க மருந்து டாக்டர் ஒருவர், இரண்டு ஆஸ்பத்திரி. திங்கள் வியாழன் இங்கே, செவ்வாய் வெள்ளி அங்கே என்று ஆபரேஷன் நாள்களைப் பிரித்தால் திட்டமிட்ட சிசேரியனும் குடலிறக்கமும் நடக்கும். அவசரத்துக்கு இந்த ஏற்பாடு போதாது. யார் வீட்டில் இருக்கிறார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதை இரண்டு ஆஸ்பத்திரியும் தினமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘இன்று இரவு இங்கே மயக்க மருந்து இல்லை’ என்று மாலை 5 மணிக்கே 108க்கும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தெரிந்தால், சிக்கலான பிரசவம் நேராக அடுத்த இடத்துக்குப் போகும். இரவு 11 மணிக்கு வாசலில் வந்து தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வந்துபோகும் டாக்டர் கிளம்பும் நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்தில் வருவது. மதியம் 3 மணிக்கு அவர் கிளம்ப வேண்டும் என்றால் கடைசிச் சிசேரியன் 12 மணிக்குள் தொடங்கியிருக்க வேண்டும். 2 மணிக்கு ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு, டாக்டர்’ என்று சேர்க்கும் கேஸில்தான் வம்பு வரும்.

அதைவிட அதிகம் கவனிக்காத விஷயம் ட்ரே. இரண்டு ஊரிலும் அவசர மருந்து ட்ரே ஒரே வரிசையில், ஒரே வலிமை ஆம்பியூல்களோடு இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அட்ரினலின் அதே இடத்தில் இருக்க வேண்டும். கூட்டாக மருந்து வாங்கும்போது இதில் ஓர் ஆபத்து புகும். முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்தான பூபிவாகைன் ஆம்பியூலும் ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் ஆம்பியூலும் பார்க்க ஒரே மாதிரி வருவதுண்டு. மாற்றி முதுகில் போட்டதால் உயிரிழப்புகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. புது கம்பெனி சரக்கு வந்தால் முதலில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிரானெக்சாமிக் ஆசிட் மயக்க மருந்து ட்ரேயில் இருக்கவே கூடாது, பிரசவ அறை அலமாரியில் இருக்கட்டும்.

மிஷன் ஆஸ்பத்திரிகள் ஆள் பகிர்வை வேறு விதமாகச் செய்கின்றன. வேலூர் சிஎம்சியில் படித்து முடிப்பவர்கள் தேவையுள்ள இடங்களில் இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும் என்பது அங்கே நீண்டகாலமாக உள்ள ஏற்பாடு. தனியாக விளம்பரம் கொடுத்தால் ஆள் கிடைக்காத சிறிய ஆஸ்பத்திரிக்கும் இதனால் இளம் டாக்டர் கிடைக்கிறார்.

நாள் கணக்கில் பொறுப்பவை

லேப் சோதனைகளில் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் செய்வதில் பொருள் இல்லை. ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, சிறுநீர், மலேரியா ஆகியவை அங்கேயே. தைராய்டு, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), திசு ஆய்வு ஆகியவை மைய லேபுக்கு. தினம் இரண்டு தைராய்டு சோதனைக்காக ஒரு மெஷினை ஓட்டினால், நோயாளிக்குச் செலவாகும் ரசாயனத்தைவிட, மெஷினைச் சரிபார்க்கவே அதிகம் செலவாகும்.

சாம்பிள் பயணத்தில் கெடுவது பற்றிப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சாதாரணக் குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை 7 மணிக்கு எடுத்து 11 மணிக்கு மைய லேபைச் சேர்ந்தால் சர்க்கரை நோயாளி நல்லவராகத் தெரிவார். அதற்குத்தான் சாம்பல் மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். பொட்டாசியம் இதற்கு எதிர்ப்பக்கம். சுழற்றிப் பிரிக்காத ரத்தத்தை ‘கெடாமல் இருக்கட்டும்’ என்று பிரிட்ஜில் வைத்தால், குளிரில் அணுக்களால் பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைத்திருக்க முடியாமல் வெளியே கசியும். 4.2 இருந்தவருக்கு 6.5 என்று ரிப்போர்ட் வரும். நல்லாயிருக்கிறவரை அவசரமாக வண்டியில் ஏற்றுவார்கள். ஆகவே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள், அணுக்கள் நீங்கிய தெளிநீரான சீரத்தைப் பிரித்துவிட்டுத்தான் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். கூட்டு லேப் என்றால் முதலில் வாங்க வேண்டியது பெரிய அனலைசர் அல்ல, ஆறு சின்ன சென்ட்ரிஃபியூஜ்.

ரிப்போர்ட் திரும்பும் பாதையும் பாதி வேலை. அபாய அளவு வந்தால் மைய லேப் தாளுக்காகக் காத்திருக்காமல் போனில் சொல்ல வேண்டும், கேட்டவர் அந்த அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும், இருவர் பெயரும் நேரமும் ஏட்டில் ஏற வேண்டும்.

மருந்து வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னோடி இருக்கிறது. 1994இல் பதிவாகி அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்காக மொத்தமாக டெண்டர் விடுகிறது. தரத் தகுதி ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். தகுதி தேறியவர்களின் விலை உறைதான் திறக்கப்படும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து தள்ளிவிடுவதும் இல்லை, கீழே கடைக்காரரிடம் பேரம் பேசுவதும் இல்லை. ஒவ்வொரு தொகுதியும் சோதனைக்குப் போய்த் தேறிய பிறகே விநியோகம். சின்ன ஆஸ்பத்திரி தனியாக வாங்கினால் இந்தத் தரச் சோதனையை நினைத்தும் பார்க்க முடியாது. விலைக் குறைவைவிடப் பெரிய லாபம் அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள் நான்கைந்து சேர்ந்து இதையே சிறிய அளவில் செய்யலாம். பேரம் பேசுவது சுலபம். கஷ்டம் டாக்டர்களை ஒரு பட்டியலுக்குச் சம்மதிக்க வைப்பது. ஐந்து டாக்டருக்கு ஐந்து பிராண்ட் செஃப்ட்ரியாக்சோன் (கிருமிக்கொல்லி ஊசி) வேண்டும் என்றால் கூட்டுக் கொள்முதல் பெயருக்குத்தான். இன்னொன்று, ஒரு ஆஸ்பத்திரி பில்லை மூன்று மாதம் இழுத்தால் அடுத்த முறை ஐந்து ஆஸ்பத்திரிக்கும் விலை ஏறும். அதனால் முன்பணம் போட்டுவைக்காதவரைச் சேர்க்காமலிருப்பதே நல்லது. கூடவே, ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலை மாதம் ஒருமுறை எல்லோரும் பரிமாறிக்கொண்டால், ஒரு இடத்தில் தேங்கியது இன்னொரு இடத்தில் செலவாகும். காசு போடாமல் கிடைக்கும் சேமிப்பு.

மருத்துவக் கழிவைப் பொறுத்தவரை சட்டமே பகிரச் சொல்கிறது. 2016 விதிகளின்படி 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு ஆலை இருந்தால் ஆஸ்பத்திரி தனக்கென்று எரியூலை வைக்கக் கூடாது. ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. மலையில் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், பக்கத்து ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து ஒரே பாதையாகக் கேட்டால்தான் தினசரி வண்டி வரும்.

எதை முதலில் நகர்த்துவது

கூட்டமைப்பு என்றதும் நோயாளியை ஏற்றி அனுப்புவதே பலர் மனதில் வருகிறது. எங்கள் பார்வையில் அது கடைசி. முதலில் தகவலை நகர்த்த வேண்டும், முடியாவிட்டால் பொருளை, அதுவும் முடியாவிட்டால் டாக்டரை, வேறு வழியே இல்லையென்றால் நோயாளியை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இந்த வரிசையில் இயங்குகின்றன. ஊரிலேயே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிக்கிறார், படமும் விவரமும் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போகின்றன, டாக்டர் வீடியோவில் பேசுகிறார். பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியோடும் சொட்டு மருந்தோடும் வேலை முடிகிறது. ஆபரேஷன் தேவைப்படுகிறவர்தான் பஸ் ஏறுகிறார். நோயாளியோடு துணைக்கு ஒருவர், இருவருக்கும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு. இந்தச் செலவு எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாததால் யாருக்கும் தெரிவதில்லை. ‘பிரசவத்தையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் செலவு குறையும்’ என்று யாராவது சொன்னால், யாருக்குக் குறையும் என்று கேட்க வேண்டும்.

நோயாளியை அனுப்பத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே போன், கையில் கடிதம், வழிக்கான ஆக்சிஜன். சின்ன பி டைப் சிலிண்டரில் நிறைந்திருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். பாதி தீர்ந்த சிலிண்டரோடு கூடலூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பினால் வழியில் நின்றுவிடும். எதிர்பார்க்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்துச் செல்வது வழக்கமாக வேண்டும்.

திரும்பி வராத பொருள்களும் பணமும்

பிரசவ ரத்தப்போக்கில் பயன்படும் ஆன்டி ஷாக் உடையைப் பார்த்திருக்கலாம். கணுக்காலிலிருந்து வயிறு வரை இறுக்கிச் சுற்றும் கறுப்பு உடை, வெல்க்ரோ பட்டைகளோடு. காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தை இதயம், மூளைப் பக்கம் தள்ளி, வழியில் உயிரைப் பிடித்து வைக்கும். துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதைச் சுற்றி அனுப்பினால் பெண்ணோடு சேர்ந்து அதுவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். ரத்தம் நின்ற பிறகே, பொறுமையாக, கணுக்காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டையாகக் கழற்ற வேண்டும் என்பதால் அதுவரை ஆம்புலன்ஸ் நிற்காது. உடை அங்கேயே தங்கும். மூன்று கேஸுக்குப் பிறகு அனுப்பிய ஆஸ்பத்திரியில் உடை இருக்காது, பெரிய ஆஸ்பத்திரி அலமாரியில் ஏழு கிடக்கும். இதற்கு ஒரே தீர்வு கைமாற்று. ஒரு உடையோடு வரும் ஆம்புலன்ஸ், துவைத்து மடித்த இன்னொரு உடையோடுதான் திரும்ப வேண்டும். வாசலிலேயே, பிரசவ வார்டு சிஸ்டர் கையெழுத்தோடு. ஆம்பு பை, சிலிண்டர், ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றுக்கும் இதே விதி.

பணத்தில் ஒரு கொக்கி. காப்பீட்டுத் தொகை சிகிச்சை முடித்த ஆஸ்பத்திரிக்கே முழுவதும் போனால், கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தன் செலவில் போட்ட சின்ன ஆஸ்பத்திரிக்கு நஷ்டம். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அங்கே ஊசி போடாமலே அனுப்பத் தொடங்குவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். செலவான மருந்தைப் பெரிய ஆஸ்பத்திரி பொருளாகவே திருப்பிக் கொடுத்துவிடுவது சுலபமான ஏற்பாடு. மெஷின் ரிப்பேர் பார்க்கும் பயோமெடிக்கல் இன்ஜினியர் போன்ற பொதுச் சம்பளத்தைப் படுக்கை எண்ணிக்கைப்படி பிரிக்கலாம். பயன்படுத்திய அளவுக்குப் பிரித்தால், காசுக்குப் பயந்து கூப்பிடாமல் இருப்பார்கள், மெஷின் மூலையில் கிடக்கும்.

தொடங்க வேண்டிய இடம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் கூட்டமைப்பு ஆறு மாதத்தில் கூட்டம் போடுவதோடு நின்றுவிடும். முதல் மாதம் ஒரு தாள் போதும்: எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் எந்த நிபுணர், எந்த மெஷின் ஓடுகிறது, டியூட்டி எண் என்ன. இரண்டாம் மாதம் காலாவதிப் பட்டியல். காசும் அனுமதியும் தேவைப்படாத இந்த இரண்டும் ஓடினால்தான் ரத்தச் சேமிப்பு, பொது இருப்பு பற்றிப் பேசலாம். மாதம் ஒருமுறை கூடும்போது பார்க்க வேண்டியது மூன்று கேஸ்: தாமதமாகப் போனது, திருப்பி அனுப்பப்பட்டது, அனுப்பியிருக்கவே தேவையில்லாதது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதில் உட்கார்ந்து, சின்ன ஆஸ்பத்திரி நர்ஸைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். சொல்லச் சுலபம், நடப்பது அரிது.

டியூட்டி எண் வேலை செய்கிறதா என்பதை அந்தக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். ஒரு ஞாயிறு இரவு 2 மணிக்கு, மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியின் லேண்ட்லைனிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, எத்தனை முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வர வேண்டும்.